பனாமா கால்வாயில் செத்தவர்கள் யார்?

கேள்வி இது: "பனாமா கால்வாயைக் கட்டும்போது 38,000 அமெரிக்கர்கள் செத்தார்கள், அப்படிக் கட்டியதை ஒரே ஒரு டாலருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்கிறார்களே, நிஜமா?"

இரண்டுமே நிஜமில்லை. அமெரிக்கா கால்வாய் வெட்டியது 1904 முதல் 1914 வரை. அந்தப் பத்தாண்டில் நோயாலும் விபத்தாலும் இறந்ததாக மருத்துவமனைப் பதிவுகள் சொல்வது 5,609 பேர். அவர்களில் வெள்ளை அமெரிக்கர்கள் ஏறத்தாழ 350 பேர்தான். சுமார் 4,500 பேர் பார்படோஸ், ஜமைக்கா முதலான கரீபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். 38,000 உயிர்கள் என்ற எண்ணை டொனால்ட் டிரம்ப் 2025 ஜனவரி 20 அன்று தன் பதவியேற்பு உரையில் சொன்ன பிறகு அது ஊரெல்லாம் பரவிவிட்டது. அமெரிக்கர்களுக்கு முன்னால் வெட்டித் தோற்ற பிரெஞ்சுக்காரர்களின் காலத்துச் சாவுகளைக் கூட்டினாலும் வழக்கமாகச் சொல்லப்படும் மொத்தம் 27,500ஐ ஒட்டித்தான் வருகிறது. அந்த ஒரு டாலர் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அதற்காக 5,609ஐ அப்படியே நம்புங்கள் என்றும் சொல்லமாட்டேன். அந்த இடத்தில் யார் செத்தார்கள் என்பதைவிட, யாருடைய சாவை யார் ஏட்டில் எழுதினார்கள் என்பது முக்கியம். அதைப் பிடித்துக்கொண்டு போனால்தான் அரசியலும் புரியும்.

கால்வாய்க்கு முன்னால் அங்கே ஒரு ரயில் பாதை வந்தது. 1848இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்ததும் அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகத் துடித்தவர்களுக்குப் பனாமா குறுக்கு வழி. இந்தப் பக்கம் கப்பலில் வந்து இறங்கி, நிலத்தைக் கடந்து, அந்தப் பக்கம் வேறு கப்பல் ஏறலாம். 1850இல் தொடங்கி 1855இல் ஓர் அமெரிக்கக் கம்பெனி அந்தப் பாதையை முடித்தது. நீளம் 80 கிலோமீட்டருக்கும் குறைவு. செத்தவர்கள் 5,000 முதல் 10,000 வரை என்பார்கள். இப்படி இருமடங்கு இடைவெளி விழக் காரணம் எளிது. வெள்ளையர் சாவை மட்டுமே கம்பெனி பதிந்து வைத்தது.

ஆளில்லாப் பிணங்களை அந்தக் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பீப்பாயில் போட்டு ஊறவைத்து, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு விற்றது. நம் வீட்டில் நார்த்தங்காய் ஊறுவதுபோல உப்புக் கரைசலில் மனித உடல். அந்தக் காசு கம்பெனியின் மருத்துவமனைச் செலவுக்கு உதவியது. பெயர் எழுதாத ஆளுக்கு விலை மட்டும் எழுதப்பட்டது.

1854இல் சீனாவிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். காய்ச்சலும் மனச்சோர்வும் தாங்காமல் மாட்டச்சின் என்ற இடத்தில் பலர் தற்கொலை செய்துகொண்டார்கள். தூக்கு மாட்டியவர்கள் உண்டு, ஆற்றில் இறங்கியவர்கள் உண்டு. 'செத்த சீனர்கள்' என்பதிலிருந்துதான் அந்த ஊர்ப்பெயர் வந்தது என்று வழிகாட்டிகள் சுற்றுலாப் பயணிகளிடம் கதை சொல்வதுண்டு. பெயர் அதற்கு முன்பே இருந்தது. ஊர்ப்பெயருக்கு இப்படிக் காரணம் கட்டுவதில் நம்மூர்க்காரர்கள் மட்டும் கெட்டிக்காரர்கள் இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்து வந்தவர் பிரெஞ்சுக்காரர் லெஸ்ஸெப்ஸ். 1869இல் சூயஸ் கால்வாயைத் திறந்து வைத்து உலகப் புகழில் மிதந்தவர், பொறியாளர் அல்லர், தூதரகப் பணியில் இருந்தவர். சூயஸில் மணல், சமதளம், மழை கிடையாது. பனாமாவில் மலை, காடு, ஒரே இரவில் வெள்ளம் புரளும் சாக்ரெஸ் ஆறு. 1879இல் பாரிஸில் கூடிய மாநாட்டில், தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் பூட்டு அறைகளே இல்லாமல் கடல் மட்டத்திலேயே வெட்டிவிடலாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். கோதான் தெ லெப்பினே என்ற பொறியாளர் ஒருவர் மட்டும், ஆற்றை அணையால் மறித்து ஏரியாக்கி, கப்பலைப் படிப்படியாக ஏற்றி இறக்கலாம் என்று எழுந்து சொன்னார். இன்றைக்கு இருக்கும் கால்வாய் கிட்டத்தட்ட அதுதான். வாக்கெடுப்பில் தோற்றார். தேவையில்லாத சாவுகளை என் மனசாட்சியில் சுமக்க மாட்டேன் என்று எதிர்த்து வாக்களித்தார். அந்த ஒரு வாக்கு எடுபட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று இந்த வரலாற்றைப் படிக்கும் எவருக்கும் தோன்றும்.

1881இல் பிரெஞ்சு வேலை தொடங்கியது. அதே 1881இல்தான் கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே, மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. (நாம் பேச்சுவாக்கில் குழப்பிக்கொள்ளும் மஞ்சள் காமாலை வேறு, இது வேறு. இது வைரஸ், பரப்புவது டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசு.) மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் உறுதி செய்தது 1897இல். அதற்குள் பிரெஞ்சுக் கம்பெனி திவாலாகி எட்டு வருடம்.

அதனால் நடந்த கூத்தைக் கேளுங்கள். பனாமா நகரத்தை ஒட்டிய ஆங்கோன் குன்றில் பிரெஞ்சுக்காரர்கள் நல்ல மருத்துவமனை கட்டினார்கள். காற்றோட்டமான வார்டுகள், தோட்டம், பராமரிக்கக் கன்னியாஸ்திரிகள். எறும்பு ஏறாமல் இருக்கக் கட்டில் கால் ஒவ்வொன்றையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்கள். நம் வீடுகளில் சாப்பாட்டு அலமாரிக்கு வைப்பதுபோலத்தான். தோட்டத்துச் செடிகளை எறும்பிடமிருந்து காக்கச் சுற்றிலும் மண் வளையத்தில் தண்ணீர் விட்டார்கள். சன்னல்களுக்கு வலை கிடையாது. ஏடிஸ் கொசு வேறென்ன கேட்கும்? தெளிந்த, தேங்கிய, வீட்டோரத் தண்ணீர். பக்கத்துக் கட்டிலில் மஞ்சள் காய்ச்சல்காரர். கால் முறிந்து வந்தவன் காய்ச்சலில் போனான். வார்டுக்குள் போனால் திரும்புவதில்லை என்று தொழிலாளர்கள் பயந்ததில் மூடநம்பிக்கை எதுவும் இல்லை.

ஒப்பந்தக்காரர்களுக்கு வேறு கணக்கு. தங்கள் ஆள் ஒருவன் மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று அவர்கள் கட்ட வேண்டும். எனவே காய்ச்சல் கண்டவனை முதலில் வேலையைவிட்டு நீக்கினார்கள். நீக்கப்பட்டவன் பாதையோரத்தில் செத்தால் அவன் கால்வாய்த் தொழிலாளி இல்லை. பிரெஞ்சுக் கம்பெனியின் பதிவில் இருக்கும் சாவுகள் ஐயாயிரத்துச் சொச்சம். பின்னால் வந்த அமெரிக்க மருத்துவர் வில்லியம் கோர்காஸ், மருத்துவமனைக்கு வெளியே செத்தவர்களையும் அனுமானித்துப் போட்ட கணக்கு 22,000க்கு மேல். இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் அதுதான். அதுவும் ஒரு மதிப்பீடு, தலையெண்ணி எழுதியது அல்ல.

மேலே இருந்தவர்களையும் நோய் விடவில்லை. 1883இல் தலைமை இயக்குநராக வந்த ஜூல் டிங்லர், குடிகாரர்களும் ஒழுக்கம் கெட்டவர்களும்தான் இங்கே சாகிறார்கள் என்று நம்பியவர். குடும்பத்தோடு வந்தார். 1884 தொடக்கத்தில் மகள் மஞ்சள் காய்ச்சலில் போனாள். ஒரு மாதம் கழித்து மகன். மகளுக்கு நிச்சயித்திருந்த பையனும் போனான். வருடம் திரும்பும் நேரத்தில் மனைவியும் போய்விட்டார். மனைவியை அடக்கம் செய்த பிறகு குடும்பத்தின் குதிரைகளைக் கொல்ல வைத்தாராம். அதன் பிறகும் சில மாதம் வேலைக்கு வந்து கையெழுத்துப் போட்டார் மனிதர். டிங்லர் வீட்டுச் சாவுகள் தேதியோடு நமக்குத் தெரிகின்றன. அதே வாரங்களில் செத்த ஜமைக்காக்காரர்களில் ஒருவர் பெயராவது எனக்குத் தெரியுமா என்று யோசித்துப் பார்க்கிறேன். தெரியாது.

1889 பிப்ரவரியில் கம்பெனி கவிழ்ந்தது. பணம் போட்டு ஏமாந்தவர்கள் ஏறத்தாழ 8,00,000 பேர், பெரும்பாலும் சிறு சேமிப்புக்காரர்கள். பிறகு ஊழல் வெளிவந்தது: லாட்டரிப் பத்திரம் வெளியிட அனுமதி தரும் சட்டத்துக்காக நூற்றுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் பணம் போயிருந்தது. அந்த அரசியல்வாதிகளில், ஒப்புக்கொண்ட முன்னாள் அமைச்சர் பாயோ ஒருவர் மட்டும் சிறைக்குப் போனார். ஒப்புக்கொள்ளாதவர்கள் தப்பினார்கள். லெஸ்ஸெப்ஸுக்கும் ஐந்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது, அனுபவிக்கவில்லை. ஈஃபில் கோபுரம் கட்டிய ஈஃபிலுக்கும் தண்டனை விழுந்து, மேல்முறையீட்டில் ரத்தானது. இடைத்தரகர்களில் இருவர் யூதர்கள் என்பதை வைத்து அங்கே ஒரு பத்திரிகை வெறுப்பைக் கிளப்பியது. இரண்டே ஆண்டில், டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிமேல் பொய்யாகத் தேசத்துரோகம் சுமத்திய வழக்கு வந்தபோது அந்த நெருப்பு தயாராக இருந்தது. பாரிஸில் இத்தனை விசாரணை நடந்தும், ஒரு விசாரணையிலும் செத்த தொழிலாளிகளைப் பற்றிய குற்றச்சாட்டு இல்லை. வழக்கெல்லாம் பணத்தைப் பற்றித்தான். வேலை நின்றதும் நடுத்தெருவில் நின்ற ஆயிரக்கணக்கான ஜமைக்காக்காரர்களை ஜமைக்கா அரசு தன் செலவில் திருப்பிக் கூட்டிப்போனது. இதை நினைவில் வையுங்கள், மறுபடி வரும்.

இப்போது 1903. பனாமா அன்று தனி நாடு அல்ல, கொலம்பியாவின் ஒரு மாகாணம். பிரெஞ்சுக் கம்பெனியின் மிச்சசொச்சத்தை 4 கோடி டாலருக்கு அமெரிக்கா தலையில் கட்ட ஒரு கூட்டம் வாஷிங்டனில் அலைந்தது. அதில் முன்னால் நின்றவர் புனோ-வாரியா, பழைய பிரெஞ்சுக் கம்பெனியின் பொறியாளர். அமெரிக்கா அப்போது நிகராகுவா வழியாக வெட்டலாம் என்று சாய்ந்துகொண்டிருந்தது. 1902 மே மாதம் மார்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்து ஏறத்தாழ 30,000 பேர் செத்தார்கள். நிகராகுவாவின் தபால் தலை ஒன்றில் புகை கக்கும் எரிமலைப் படம் இருந்தது. புனோ-வாரியா அந்தத் தபால் தலைகளைத் தேடிப்பிடித்து வாங்கி, செனட்டர் ஒவ்வொருவருக்கும் ஒன்று அனுப்பினார். செனட் பனாமாவுக்கு வாக்களித்தது. தபால் தலைதான் காரணம் என்று சொன்னால் மிகை, ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்பதற்கு இது போதும்.

கொலம்பியாவோடு போட்ட ஒப்பந்தப்படி 1 கோடி டாலர் ரொக்கம், ஆண்டுக்கு 2,50,000 டாலர் வாடகை. 1903 ஆகஸ்ட் 12 அன்று கொலம்பிய செனட் ஒருமனதாக நிராகரித்தது. அவர்கள் மூன்றாண்டு உள்நாட்டுப் போரிலிருந்து அப்போதுதான் எழுந்திருந்தார்கள். இறையாண்மையை விற்கத் தயாரில்லை, விலையும் போதவில்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டுக்குக் கோபம். நவம்பர் 2 அன்று நாஷ்வில் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் கொலோன் துறைமுகத்தில் நின்றது. கிளர்ச்சியை அடக்க வந்த கொலம்பியத் தளபதிகளை, அமெரிக்கர் கையிலிருந்த ரயில்வே நிர்வாகம் மரியாதையாக முதல் ரயிலில் ஏற்றி மறுகரைக்கு அனுப்பியது. படைவீரர்களுக்குப் பெட்டி இல்லை, பின்னால் வருவார்கள் என்றது. தளபதிகள் போய் இறங்கிய இடத்தில் கைதானார்கள். நவம்பர் 3 அன்று பனாமா சுதந்திர நாடு. ஒரு கொலம்பியப் படகு வீசிய குண்டில் செத்தவர் ஒருவர், நகரத்தில் வாழ்ந்த சீனர். ஒரு கழுதையும் செத்தது என்பார்கள். மூன்று நாளில் அமெரிக்கா அங்கீகாரம் கொடுத்தது.

பனாமாக்காரர்களின் காயம் எங்கே என்றால், அடுத்த இரண்டு வாரத்தில். புதிய நாட்டின் தூதராகத் தன்னை நியமிக்க வைத்துக்கொண்ட புனோ-வாரியா என்ற பிரெஞ்சுக்காரர், 1903 நவம்பர் 18 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜான் ஹேயுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். பனாமாவின் உண்மையான பிரதிநிதிகள் அன்றிரவுதான் வாஷிங்டன் ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். மேடையில் வைத்தே அவர்களிடம் விஷயத்தைச் சொன்னார். வந்தவர்களில் ஒருவரான அமதோர் மயங்கி விழப்போனார் என்பார்கள். கொலம்பியா மறுத்த ஒப்பந்தத்தைவிட இது மோசம். 10 மைல் அகல நிலம், நூறாண்டுக்கு அல்ல, என்றென்றைக்கும். அங்கே அமெரிக்காவுக்கு, தானே இறையாண்மை உடையதுபோல எல்லா உரிமையும். அந்த 'போல' என்ற ஒரு சொல்லை வைத்து இரண்டு நாடுகளும் முக்கால் நூற்றாண்டு சண்டை போட்டன. கல்யாண வீட்டுக்குப் பெண் வீட்டார் வந்து சேர்வதற்குள் தரகரே தாலி கட்டி முடித்த மாதிரி என்று எனக்குத் தோன்றும்.

சரி, அமெரிக்கர்கள் வெட்டியதற்கு வருவோம். கோர்காஸின் வேலை உண்மையிலேயே பெரிய சாதனை, அதைக் குறைத்துச் சொல்லக்கூடாது. பனாமா நகரத்தின் ஒவ்வொரு வீட்டிலும் கந்தகப் புகை போட்டார்கள். குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து, வாசலில் மழைநீர் பிடித்த பீப்பாய்களுக்கு வேலை இல்லாமல் செய்தார்கள். குட்டைகளில் எண்ணெய் ஊற்றினார்கள். வீட்டில் புழு நெளியும் தண்ணீர் இருந்தால் அபராதம். 1905 நவம்பரோடு நகரில் மஞ்சள் காய்ச்சல் சாவு நின்றது. மலேரியா நிற்கவில்லை. 1906இல் ஏறத்தாழ 26,000 பேர் வேலை செய்த இடத்தில் 21,000 பேருக்கு மேல் எப்போதாவது ஒருமுறை மலேரியாவில் மருத்துவமனைக்குப் போய் வந்தார்கள்.

ஆனால் சம்பளப் பட்டியலில் இரண்டு ஏடுகள் இருந்தன. தங்கப் பட்டியல், வெள்ளிப் பட்டியல். வெள்ளை அமெரிக்கர்களுக்கு அமெரிக்கத் தங்க டாலர், மற்றவர்களுக்குப் பனாமாவின் வெள்ளிக் காசு. கணக்கு வசதிக்காக வந்த பிரிவு என்பார்கள். கொஞ்ச நாளில் தபால் அலுவலகத்தில் இரண்டு சன்னல், கடையில் இரண்டு வாசல், குடிதண்ணீர்க் குழாயில், கழிவறையில், மருத்துவமனை வார்டில் எல்லாம் தங்கம், வெள்ளி என்று பலகை. கறுப்பர், வெள்ளையர் என்று எழுத வேண்டிய சங்கடம் இல்லை. நம்மூர் டீக்கடையில் பலகையே எழுதாமல் இரண்டு தம்ளர் வைத்தார்களே, அதன் அக்காள் மகள் இது.

ஜமைக்கா ஆளுநர் ஆள் எடுக்க அனுமதி தர மறுத்தார். 1889இல் கைவிடப்பட்டவர்களைத் தன் அரசு காசு கொடுத்து மீட்டது மறக்கவில்லை. ஆளுக்கு ஒரு தொகையை முன்பணமாகக் கட்டுங்கள் என்றார். அமெரிக்கா பார்படோஸுக்குத் திரும்பியது. கரும்புத் தோட்ட முதலாளிகளின் பிடியில் இருந்த, வேலை இல்லாத, மக்கள் நெருக்கமான சிறு தீவு. ஏறத்தாழ 2,00,000 பேரில் சுமார் 20,000 பேர் ஒப்பந்தத்தில் போனார்கள், சொந்தச் செலவில் போனவர்கள் அதற்கு மேலே. ஆள் எடுக்கும் நாளில் பிரிட்ஜ்டவுனில் கூட்டம் நெருக்கியடிக்கும். கண் பார்ப்பார்கள், நெஞ்சைத் தட்டுவார்கள், குடலிறக்கம் இருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார்கள். பெரும்பாலோரைக் கழித்துவிட்டுச் சிலரை எடுப்பார்கள். ஒப்பந்தம் 500 வேலை நாள், நாளுக்கு 10 மணி நேரம், மணிக்கு 10 சென்ட். தெற்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்பானியர்களுக்கு அதே மண்வெட்டி வேலைக்கு 20 சென்ட்.

இதை இன்னும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். எழுபது பேர்வரை படுக்கும் கூடம், மூன்று அடுக்குக் கித்தான் படுக்கை. வெள்ளைக்காரர் வீடுகளுக்குக் கொசுவலை அடித்த தாழ்வாரம், இங்கே பல கூடங்களுக்கு அது இல்லை. சாப்பாட்டுக் கொட்டகையில் மேசை நாற்காலி கிடையாது, தட்டை வாங்கி நின்றபடியோ வெளியே குந்தியபடியோ சாப்பிட வேண்டும். வருடத்தில் எட்டு மாதம் மழை. உடுத்தியது ஒன்று, மாற்று இல்லை. நனைந்த துணியோடு தூங்கி, நனைந்த துணியோடு எழுந்து வேலைக்குப் போனார்கள். 1906, 1907இல் அவர்களை வாரிக்கொண்டு போனது கொசு அல்ல, நிமோனியா. அந்த வருடங்களில் கறுப்பினத் தொழிலாளரின் சாவு விகிதம் வெள்ளையருடையதைப்போல் பல மடங்கு. பிறகு நிமோனியா குறைந்தது எப்படி? கூடத்தை விட்டு வெளியேறி, புதர் ஓரத்தில் சொந்தக் குடிசை கட்டி, குடும்பத்தை வரவழைத்துக் கொண்டார்கள். நெருக்கம் குறைந்ததால்தான் நோய் குறைந்தது என்று கோர்காஸே பின்னாளில் சொல்லி, தென்னாப்பிரிக்கச் சுரங்க முதலாளிகளுக்கும் அதைத்தான் பரிந்துரைத்தார். அந்தப் புண்ணியத்தில் பாதியை அந்தத் தொழிலாளர்களுக்கும் எழுத வேண்டும்.

நோய் தணிந்தபோது வெடியும் ரயிலும் முன்னுக்கு வந்தன. குலெப்ரா என்ற மலைமுதுகை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்ட வேண்டும். மேலே களிமண், கீழே வழுக்கும் மென்பாறை. வெட்டிய பள்ளத்தின் பக்கச் சுவர் தன் பாரத்தால் உள்ளே சரியும். சில இடங்களில் பள்ளத்தின் தரையே மேலே உப்பி எழும்பும். மாதக்கணக்கில் அள்ளிய மண் ஒரு ராத்திரியில் திரும்பி வந்துவிடும், தண்டவாளத்தையும் நீராவி மண்வாரியையும் சேர்த்துப் புதைத்துக்கொண்டு. வெடிமருந்துப் பெட்டிகளைத் தலையில் சுமந்து போனவர்கள் வெள்ளிப் பட்டியல்காரர்கள். ஒவ்வொன்றும் இருபது கிலோவுக்கு மேல். 1908 டிசம்பர் 12 அன்று பாஸ் ஒபிஸ்போ என்ற இடத்தில், துளைகளில் சுமார் 22 டன் டைனமைட்டை அடைத்து முடிக்கும் நேரத்தில் அது தானாக வெடித்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்ணில் வெடிக்காமல் தங்கிய குச்சியில் மண்வாரியின் பல் பட்டு வெடித்ததும் உண்டு. மண் ரயில்கள் பள்ளத்துக்குள் ஓயாமல் ஓடும். மழையும் வெடிச் சத்தமும் கலந்த இடத்தில் பின்னால் வரும் எஞ்சின் காதில் விழாது. கால் போனவர்களின் எண்ணிக்கை எவ்வளவு என்றால், நியூயார்க்கில் செயற்கைக் கால் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு இது நிரந்தர வியாபாரம் ஆனது.

1963இல் பனாமாவிலிருந்த ஒரு வரலாற்றுச் சங்கம் கரீபியன் தீவுகளில் விளம்பரம் கொடுத்தது: கால்வாயில் வேலை செய்த அமெரிக்கர் அல்லாதவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதி அனுப்பலாம், சிறந்ததற்குப் பரிசு. எழுபது, எண்பது வயதுக் கிழவர்கள் நூற்றுச் சொச்சம் கடிதங்கள் எழுதினார்கள். கட்டி முடித்து ஐம்பது வருடம் ஆன பிறகு, வெள்ளிப் பட்டியல்காரர்களின் குரல் இவ்வளவு பேரிடமிருந்து ஒரே இடத்தில் பதிவானது அப்போதுதான். காலையில் கூட வேலைக்கு வந்தவன் மாலையில் இல்லை என்பது அந்தக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

5,609இல் யார் இல்லை என்பது இப்போது உங்களுக்கே தெரிந்திருக்கும். புதர்க் குடிசையில் செத்தவன் இல்லை. நெஞ்சு நோயோடு பார்படோஸுக்குத் திரும்பி அங்கே செத்தவன் இல்லை. ஒப்பந்தம் இல்லாமல் வந்து, வேலை கிடைப்பதற்கு முன்பே காய்ச்சலில் போனவன் இல்லை.

செத்தவர்களை மட்டும் எண்ணினாலும் போதாது. கத்தூன் அணை கட்டி சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது, அன்றைக்கு உலகிலேயே பெரிய செயற்கை ஏரி உருவானது. கப்பல்கள் கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே மிதந்து போவது அதில்தான். ஆற்றோர ஊர்கள் காலியாக்கப்பட்டன. பனாமாவில் யாரைக் கேட்டாலும் "ஏரி மூழ்கடித்துவிட்டது" என்பார்கள். அது பாதிதான் உண்மை. 1912 டிசம்பரில் அதிபர் டாஃப்ட் போட்ட ஆணைப்படி, கால்வாய் மண்டலம் என்ற அந்த 10 மைல் அகலப் பட்டையின் நிலம் முழுவதையும் அரசு எடுத்துக்கொண்டது. எம்பரடோர், குலெப்ரா போன்ற மேட்டு ஊர்களைத் தண்ணீர் தொடவே இல்லை, அவையும் காலி. கடை, கோயில், பள்ளி, நகராட்சி எல்லாம் இருந்த, நானூறு வருடமாகக் கடல் விட்டுக் கடல் சரக்கு கடத்திய பாதையோர ஊர்கள் அவை. அந்த இடத்தில் புல்வெளியும் வரிசை வீடுகளுமாக அமெரிக்க ஊழியர் குடியிருப்புகள் வந்தன. இன்று போகிறவர்களுக்கு அங்கே கன்னிக் காடு தெரிகிறது, காட்டுக்கு வயது நூற்றுச் சொச்சம்தான்.

1914 ஆகஸ்ட் 15 அன்று ஆங்கோன் என்ற கப்பல் கால்வாயைக் கடந்தது. ஐரோப்பாவில் போர் மூண்டு இரண்டு வாரம்; செய்தி உள்பக்கத்துக்குப் போனது. வேலை முடிந்ததும் வெள்ளிப் பட்டியல்காரர்கள் பலர் ஊர் திரும்ப வழியின்றிப் பனாமாவிலேயே தங்கினார்கள். மண்டலத்துக்குள் அவர்கள் இரண்டாம் தரம். வெளியே பனாமாவிலோ ஆங்கிலம் பேசும் அந்நியர்கள். 1941 அரசியல் சட்டம் அங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளின் குடியுரிமையையே பறித்தது, 1946இல்தான் அது மாறியது. அமெரிக்க ஆதிக்கத்தைப் பற்றிப் பேசும்போது பனாமாக்காரர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த ஒரு டாலர். 1964 ஜனவரி 9. மண்டலத்திலுள்ள அமெரிக்கப் பள்ளி ஒன்றின் முன் பனாமாக் கொடியையும் ஏற்ற வேண்டும் என்று, ஏறத்தாழ இருநூறு பனாமா மாணவர்கள் தங்கள் பள்ளிக் கொடியோடு நடந்து போனார்கள். இரண்டு கொடியும் சேர்ந்து பறக்கலாம் என்று ஏற்கெனவே அமெரிக்க அரசே ஒப்புக்கொண்டிருந்தது, மண்டலத்தில் வாழ்ந்த அமெரிக்கர்கள் ஏற்கவில்லை. தள்ளுமுள்ளில் பனாமாக் கொடி கிழிந்தது. இரவோடு இரவாக எல்லை வேலியெங்கும் கலவரம், துப்பாக்கிச் சூடு. 20க்கும் மேற்பட்ட பனாமாக்காரர்களும் 4 அமெரிக்கச் சிப்பாய்களும் இறந்தார்கள். பனாமா தூதரக உறவை முறித்தது. 1903இன் அந்த 'போல'வுக்கு விலை இது. இனி இந்த ஒப்பந்தத்தைக் கட்டிக் காக்க முடியாது என்று வாஷிங்டனுக்குத் தெரிந்துவிட்டது. அதிபர் ஜான்சன் காலத்திலேயே பேச்சு தொடங்கி, நிக்சன், ஃபோர்டு காலத்தில் இழுத்து, 1977 செப்டம்பர் 7 அன்று ஜிம்மி கார்ட்டரும் பனாமாவின் ராணுவத் தலைவர் டோரிஹோஸும் கையெழுத்திட்டார்கள். அமெரிக்க செனட்டில் 68க்கு 32. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குதான் உபரி. 1979இல் மண்டலம் கலைந்தது, இருபதாண்டு கூட்டு நிர்வாகம், 1999 டிசம்பர் 31 நண்பகலில் ஒப்படைப்பு. இதில் எங்கேயும் விற்பனை இல்லை, ஒரு டாலர் இல்லை. கால்வாயின் நடுநிலைக்கு ஆபத்து வந்தால் தலையிடும் உரிமையைக்கூட அமெரிக்கா தன்னிடமே வைத்துக்கொண்டது. கார்ட்டர் ஒருவர் தானம் செய்தார் என்று சொன்னால், நான்கு அதிபர்களின் பேச்சுவார்த்தையும் அந்த ஜனவரி இரவும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

கணக்கு இன்னும் மூடவில்லை. ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. அந்தத் தண்ணீர் வரும் கத்தூன் ஏரிதான் பனாமாவில் பலருக்குக் குடிநீரும் தருகிறது. 2023இல் மழை பொய்த்தபோது கப்பல்களின் தினசரி எண்ணிக்கையை வெட்ட வேண்டி வந்தது. மாற்றாகக் கால்வாய் ஆணையம் இண்டியோ ஆற்றில் புதிய அணை கட்டத் திட்டமிட்டிருக்கிறது. மூழ்கும் பகுதியில் 2,000 பேர்வரை இடம்பெயர வேண்டும் என்கிறார்கள். ஆணையத்தின் ஆட்கள் அந்தக் கரையோரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்த் தலை எண்ணியிருக்கிறார்கள். கணக்கெடுக்க வந்தவர்களுக்குக் கதவைத் திறக்காத வீடுகளும் அங்கே உண்டு.